ஏழு அடுக்கும் ஒரு குவார்ட்டர்ஸும்

நெட்வொர்க்கிங் படிப்பில் முதல் பாடம் ஏழு அடுக்கு. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து கிளம்புகிற செய்தி இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழு அடுக்குகளைத் தாண்டவேண்டும். கீழே இருப்பது வெறும் கம்பி, மேலே இருப்பது நாம் பார்க்கும் திரை. என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். அதற்குக் காரணம் என் அறிவு அல்ல, அமீர்பேட்டை.

செகந்திராபாத் பக்கத்து அமீர்பேட்டையில் தெருவெல்லாம் கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட்; எதிலும் முதல் நாள் இலவசம். டெமோ கிளாஸ் என்பார்கள். பிடித்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் எழுந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போகலாம். டிகிரி முடித்த கோடையில் நானும் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் எதிர்வீட்டு நண்பனும் அப்படித்தான் மாடி மாடியாக ஏறி இறங்கினோம். எல்லா மாடியிலும் முதல் நாள் அதே ஏழு அடுக்குதான். சும்மா கிடைத்த ஏசி காற்று, சில இடங்களில் டீயும்கூட. அதனால் எங்களுக்கு அவசரம் தோன்றவில்லை. இரண்டாவது பாடம் என்ன என்பது மட்டும் தெரியாமலே இருந்தது.

அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே விசாரணை ஆரம்பமாகிவிடும்.

"இன்னிக்கி இன்னாடா சொல்லிக் குடுத்தாங்க?"

"ஏழு லேயர்ப்பா."

"நேத்தும் அதானடா சொன்ன? பரோட்டா மாஸ்டர் வேலைக்கா படிக்கிற?"

"நக்கோ, அவன கிண்டல் பண்ணாதீங்க" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

அம்மா அரக்கோணத்திலிருந்து கல்யாணமாகி நேராக இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். என் நண்பனின் அம்மா, எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மாதான் அவளுக்கு அக்கா, டாக்டர், வானொலி எல்லாம். வேண்டாம் என்றால் நக்கோ, ஆமாம் என்றால் ஹவ் என்று இந்த ஊர் அவள் வாயில் ஏறியிருந்தது. அரக்கோணத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அவள் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுபடி ஹவ் என்பாள்.

அந்த வருடம் தீபாவளியை ஒட்டி அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்யவேண்டும். அப்பா ஒரே வரியில் முடிவைச் சொல்லிவிட்டார். "இவனுக்கு வேல கெடச்சா உப்பல் பக்கம் வாடகைக்குப் போலாம். இல்லன்னா அரக்கோணம்." அரக்கோணத்தில் அவருடைய அண்ணன் வீட்டு மாடி காலியாக இருந்தது. நான் டெமோ கிளாஸுக்குக் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து நிற்க ஆரம்பித்தாள்.

கடைசியில் இரண்டு இடம் மிஞ்சின. ஒன்று செகந்திராபாத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. ஏசி கிடையாது, டீயும் கிடையாது. அங்கே மட்டும்தான் முதல் நாள் ஏழு அடுக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வாத்தியார் ஆளுக்கொரு கேபிள் துண்டைக் கொடுத்து, முனையைச் சீவி, எட்டு நிறக் கம்பிகளையும் வரிசையாக அடுக்கி, பிளக்கில் நுழைத்து இறுக்கச் சொன்னார். நான் அடுக்கிய கம்பிகள் கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கிற கூட்டம்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. வெட்டி வெட்டிச் செய்ததில் கேபிள் பென்சில் அளவுக்குக் குட்டையாகிவிட்டது. ஒரு வழியாக அதைச் சொருகியதும் மேஜைமேல் இருந்த நெட்வொர்க் பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. நண்பன் இந்தியில் சொன்னான், உனக்கே குழந்தை பிறந்ததுபோல இருக்கிறது உன் மூஞ்சி என்று. அங்கே படிப்பு ஆறு மாதம்.

இன்னொன்று அமீர்பேட்டையில், மைக்கும் சோபாவும் வைத்த இடம். ஒன்றரை மாதத்தில் சான்றிதழ், முதல் முயற்சியிலேயே பாஸ். பரீட்சைக்கு வரக்கூடிய கேள்விகளையும் விடைகளையும் கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். டம்ப்ஸ் என்று பெயர். மனப்பாடம் செய்தால் போதும்.

இரண்டையும் பார்த்து முடித்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பச்சை விளக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டாள், "அப்ப அதுலயே சேந்துடுறியா?"

"ஆறு மாசம் ஆவும்மா."

"அது தீபாவளி தாண்டிடும் இல்ல?" என்று கேட்டவள், உடனே அவசரமாக, "எதுல உனக்குக் கை ஓடுதோ அதுல சேரு. எனக்கு எங்க இருந்தா இன்னா?" என்றாள்.

அந்த இரண்டு பேச்சில் முதல் பேச்சைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் அமீர்பேட்டையில் சேர்ந்தேன். நண்பன் ஜெராக்ஸ் கடை மாடியில் சேர்ந்தான். அவன் அப்பாவுக்கு இன்னும் பல வருட சர்வீஸ் பாக்கி இருந்தது.

மனப்பாடத்தில் நான் சூரன். பரீட்சையில் கேள்வியை முழுசாகப் படிக்கவேண்டிய அவசியமே வரவில்லை. முதல் இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் கை தானாக 'சி'யை அமுக்கியது. பாஸ். அம்மா சான்றிதழுக்குக் குங்குமம் வைத்து சாமி படத்தில் சாத்தினாள். அப்பா ஒர்க்‌ஷாப் முழுக்க லட்டு கொடுத்தார். உப்பலில் வீடு பார்க்கச் சொல்லித் தெரிந்தவரிடம் சொல்லியும் வைத்தார்.

முதல் இன்டர்வியூ மாதாப்பூரில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். எதிரே இருந்தவர் தன்மையாகத்தான் கேட்டார்: "ஆபீஸில் ஒருவர் போன் செய்து, நெட் வரவில்லை என்கிறார். நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?"

நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். அவர் மறந்துவிட்டார்போல என்று நினைத்து, மரியாதையாக நினைவுபடுத்தினேன்.

"ஆப்ஷன்ஸ் சொல்லுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "வேலைல ஆப்ஷன்ஸ் குடுக்க மாட்டாங்க பாபு" என்றார்.

பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் விடை வந்தது. கேபிள் சரியாகச் சொருகியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்க்கவேண்டும். அந்த ஒன்றைத்தான் நான் என் கையால் கற்றிருந்தேன், காசு கொடுக்காமல், ஒரே நாளில். ஒன்றரை மாத மனப்பாடம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அடுத்தடுத்த இன்டர்வியூக்களும் அப்படித்தான். தீபாவளி வந்தது. அப்பாவுக்கு மாலை போட்டு வீடுவரை மேளத்தோடு கொண்டுவந்து விட்டார்கள். பெட்டி கட்டலாமா என்று கேட்டேன்.

"கைக்கு அவசரம்?" என்றார் அப்பா, எதற்கு என்பதை இந்த ஊர் பாஷையில். "ரிட்டயர் ஆனாலும் நாலு மாசம் வீட்ட வெச்சிக்கலாம். எல்லாரும் அப்டித்தான வெச்சிருக்காங்க? எழுதிக் குடுத்து எப்பவோ ஆச்சு."

குவார்ட்டர்ஸிலேயே பிறந்து, அதன் சுவரில் ஸ்டம்ப் வரைந்து வளர்ந்தவன் நான். அந்த வரிசையில் யார் ரிட்டயர் ஆனாலும் அதற்கப்புறமும் நாலு மாதம் அங்கேயேதான் இருந்தார்கள், அவர்கள் வீட்டில் கேசரியும் சாப்பிட்டிருக்கிறேன். அது ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவும் அது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும் என்றே நினைத்திருக்கிறார். ஆறு மாதப் படிப்பைத் தாராளமாக முடித்திருக்கலாம். நண்பன் முடித்தான். கார்த்திகையில் அவனுக்கு வேலையும் கிடைத்தது.

நாலு மாதமும் போயின. லாரி வந்தது. எதிர்வீட்டம்மா மாங்காய் ஊறுகாய் ஜாடியை அம்மாவின் மடியில் வைத்தாள். இரண்டு பேரும் அழவில்லை. ஜாடி சாய்ந்துவிடக்கூடாது என்பதைப் பற்றி மட்டும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்வீட்டில் நண்பனின் அறையில் ஒண்டிக்கொண்டு, ஜெராக்ஸ் கடை மாடி ஏறினேன்.

இப்போது எனக்கு நல்ல வேலை. நெட் வரவில்லை என்று யாராவது போன் செய்தால் முதல் கேள்வி, விளக்கு எரிகிறதா என்பதுதான். பாதி நேரம் அதோடு முடிந்துவிடும்; என்னைப் பெரிய மேதை என்கிறார்கள். உப்பலில் ஐந்தாவது மாடியில் வீடு எடுத்தபோது அம்மாவையும் அப்பாவையும் அழைத்து வந்தேன். அதற்குள் எதிர்வீட்டுக்காரர்கள் காஜிப்பேட்டைக்கு மாற்றலாகிப் போயிருந்தார்கள். அம்மா பால்கனியில் உட்கார்ந்து எதிர்வரிசை வீடுகளின் மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில், "உங்கப்பாவுக்குத் தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அப்பா நன்றாகத்தான் இருந்தார்.

நேற்றும் அரக்கோணத்துக்குப் போன் செய்தேன்.

"சாப்ட்டியாம்மா?"

"ம், ஆச்சு."

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ஹவ் என்பாள். அங்கே பெரியம்மா வீட்டில் கேலி செய்தார்களோ, தானாகவே நின்றதோ, தெரியவில்லை. எப்போது நின்றது என்பதையும் நான் கவனிக்கவில்லை.

"மாத்திர போட்டுக்கினியா?" என்று கேட்டேன், ஒருவேளை இதற்காவது வரும் என்று.

"ஆமாண்டா" என்றாள்.