கடைசியாக நின்ற பிள்ளை

மாலை நாலு மணி பத்து நிமிடம். பீளமேட்டில் அந்தக் கல்லூரி அரங்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மேடைப் படிக்கட்டின் கீழே கிடந்த செருப்புகள். எல்லாம் ஆண்களுடையவை. மேடை ஏறுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும் என்று ஆடும் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேலே வெறுங்காலோடு வரிசையில் நின்று, இசைக்கு ஏற்ப நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் அதில் இல்லை.

என் மகள் படித்த பாலே வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சி அது. ஆசிரியை இந்த ஊர்ப் பெண். பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்து, ஒரு பம்புசெட் கடையின் மாடியில் வகுப்பு நடத்தினார். வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுத் தேவதைக் கதையை எடுத்து, குடும்பத்தோடு பார்க்கும்படி ஒரு மணி நேர நடனமாக்குவார். நான் நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராக இருப்பதால் கதையைச் சுருக்கி எழுதும் வேலை எனக்கு வந்தது. நிகழ்ச்சியன்று மேடையோரம் மைக்கோடு நின்று, காட்சிக்கு இரண்டு வரி தமிழில் படிப்பதும் நான்தான்.

இந்த முறை எடுத்தது, பஞ்சத்தில் ஓர் அப்பா தன் இரண்டு பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரும் கதை. பெற்றோர் கூட்டத்தில் நான் சுருக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் ஓர் அம்மா எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, பெத்த அப்பனே புள்ளைகளைக் காட்டுல உட்டுப்போட்டு வாரானா? லீவு நாள்ல குடும்பத்தோட வந்து பார்க்கறதுங்க இது."

"எங்க ஊட்டுப் புள்ளையைக் காட்டுல உட்டாலும் ஃபோன்ல மேப் போட்டு எனக்கு முன்னாடி வந்து சோபாவுல உக்காந்திருக்கும்ங்க" என்றார் பின்னாலிருந்த ஓர் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு கதை மாறியது. பிள்ளைகள் தாமாகவே வழி தவறிப் போவார்கள். இரண்டு பேருக்குப் பதில் வகுப்பில் உள்ள எல்லோரும் தொலைவார்கள். அப்போதுதான் எந்த வீட்டிலும் மனத்தாங்கல் இராது. பிள்ளைகளைத் தின்னப் பார்க்கும் காட்டுக் கிழவியை அடுப்பில் தள்ளுவது வேண்டாம். அவள் பேக்கரி வைத்திருப்பாள், திட்டிவிட்டுக் கிரீம் பன் கொடுப்பாள். முடிவில் ஒவ்வொரு பிள்ளையின் சொந்த அப்பாவும் பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்து மேடைக்கு வந்து, மகள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவார். இதைச் சொன்னது ஆசிரியை. கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மூலக் கதையை என் மகள் பள்ளி நூலகத்தில் படித்திருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. "அப்பா விட்டுட்டுப் போறதுதானுங்கம்மா கதையே" என்றாள். அவள் அப்பா எங்களைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம். மாதம் ஒருமுறை மகளிடம் ஃபோனில் பேசுவார்.

அப்பா வர முடியாத வீட்டில் தாத்தாவோ மாமாவோ வரலாம் என்று ஆசிரியை என்னைப் பார்க்காமல் சொன்னார். "எங்கப்பா வருவாருங்க மிஸ்" என்றாள் மகள். அன்றே ஃபோனில் கேட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது. "வாரேன் அம்மணி. லோடு ஏத்திப்போட்டு நேரா வாரேன்."

உயரமானவள் என்பதால் அப்பாக்கள் வந்து கூட்டிப்போகும் வரிசையில் அவளுக்குக் கடைசி இடம்.

நிகழ்ச்சி நன்றாகவே போனது. பேக்கரிக் கிழவிக்கு விசில் பறந்தது. பிறகு மேடையில் விளக்கு நீலமாகி, பிள்ளைகள் மரங்களுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள். "அப்பா வந்துவிட்டார்" என்று நான் படிக்கப் படிக்க, ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஒருவர் நடை தவறிப் போலீஸ்காரர் மாதிரி வந்தார். ஒருவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

மேடையில் என் மகள் மட்டும் இருந்தாள். ஒரு கை மேலே, ஒரு கால் பின்னே, கற்றுக்கொடுத்த நிலை. இசை ஓடிக்கொண்டிருந்தது. நான் படிக்கவில்லை. அரங்கில் இருந்தவர்கள் இதுவும் கதையில் உள்ளதென்று நினைத்துக் காத்திருந்தார்கள். அவள் உயர்த்திய கை மெல்லத் தாழத் தொடங்கியது.

இரண்டாவது வரிசையில் என் அண்ணன் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு படியை நோக்கி நடந்தார். இந்தப் பக்கத்தில் தாய்மாமன் எழுந்து போனால் ஏன் போகிறார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்தவர் அவர். பிள்ளை தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

அதே நேரம் பின்கதவு திறந்தது. என் கணவர் நடுப்பாதையில் வேகமாக, ஏறக்குறைய ஓடி வந்தார். பாதி தூரம் வந்தவர், படியில் கால் வைத்துவிட்ட அண்ணனைப் பார்த்து நின்றார். மேடை வெளிச்சத்தில் இருப்பவர்களுக்கு அரங்கம் வெறும் இருட்டு. அரங்கில் இருந்தவர்கள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்குக்கு ஒதுங்கி ஓரத்தில் நின்ற எனக்கு அவர் சட்டையின் நிறம்வரை தெரிந்தது. அண்ணன் மேடையைக் கடந்து அவள் கையைப் பிடித்தார். என் கணவர் திரும்பி நடந்தார்.

மைக் என் கையில் இருந்தது. "மாமா வந்துவிட்டார்" என்று படித்தேன். அன்று மாலையில் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

"நான் போகலீனா புள்ளை அங்கயே நின்னிருக்கும் பாரு" என்றார் அண்ணன் வெளியே வந்ததும். அவர் கண் சிவந்திருந்தது. மகள் அவருக்கு நன்றி சொன்னாள்.

ஸ்கூட்டரில் ஏறுவதற்கு முன் அவளிடம் சொன்னேன். "அப்பா வந்தாரு கண்ணு. பாதி வழி வந்தாரு. மாமா ஏறினதைப் பார்த்துட்டு நின்னுட்டாரு."

அவள் ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க கதையை மாத்தறவங்கதானுங்கம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை நானே அவரைக் கூப்பிட்டேன்.

"டயர் பஞ்சர். கிணத்துக்கடவுலயே லேட்டாயிருச்சு" என்றார். "மச்சான் ஏறிட்டாரு. அதுக்கு மேல நானும் ஏறிப் புள்ளை கையைப் புடிச்சு இழுக்கறதா? அத்தனை பேர் முன்னாடி?"

"வந்தீங்கன்னு அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

ஃபோனை அவளிடம் கொடுத்தேன். தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். "சரிங்கப்பா" என்றாள். "பரவாலீங்கப்பா" என்றாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப நம்பறியா?" என்றேன்.

"பாவம்மா அவரு" என்றாள். "நீங்க எழுதிக் குடுத்ததை அப்படியே சொல்றாரு."

ஜூனில் அவள் பாலேவை விட்டுப் பாட்மிண்டன் வகுப்பில் சேர்ந்தாள்.