கதைக்காவிட்டாலும் பங்காளிகள்

1985ஆம் ஆண்டின் வணிகப் பெயர்ச் சட்டம் சொல்வது எளிது: தன் சொந்தப் பெயரல்லாத பெயரில் கடை நடத்துபவர், தன் பெயரையும் விலாசத்தையும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்திலிருந்த அந்த வீடியோக் கடையில் என் கண்ணில் பட்டவை ஒரு லட்சுமி படமும், கசெட்டைப் பின்னோக்கிச் சுற்றித் தரவும் என்ற அறிவிப்பும்தான்.

எங்கள் மகளின் கல்யாணத்தைப் படமெடுத்த கசெட்டுகள் அந்தக் கடைக்காரரிடம் மாதக்கணக்காகக் கிடந்தன. விசா மறுக்கப்பட்டுக் கொழும்பிலேயே நின்றுவிட்ட என் மனைவியின் தங்கை, "பிள்ளையின்ர தாலிகட்டை எப்ப அக்கா பாக்கிறது?" என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்டாள். கடைக்காரர், "வாற கிழமை, அண்ணை" என்பார்; அடுத்த வாரம் போனாலும் அதே பதில்தான்.

சிறு வழக்குப் போடுவதென்று முடிவெடுத்தேன். ஆனால் யார்மீது? கம்பனியா, கூட்டு வியாபாரமா, தனி ஆளா என்று தெரியாமல் போட்டால், கிடைக்கும் தீர்ப்பைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். சிட்டி றோட்டுக்குப் போய்க் கம்பனிப் பதிவகத்தில் தேடினேன். அப்படியொரு கம்பனி இல்லை. தெரிந்தவர்களை விசாரித்தால், எல்லோரும் அவருடைய ஊரையும் அவர் எந்த வீட்டில் பெண் எடுத்தார் என்பதையும் சொன்னார்கள். முழுப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

வாடிக்கையாளர் கேட்டால் உரிமையாளரின் பெயர், விலாசத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நேரே போய்க் கேட்டேன்.

"என்ன அண்ணை, பொலிஸ் மாதிரி?"

"பொலிஸ் இவ்வளவு மரியாதையாக் கேக்காது. கடை உம்மட மட்டுமோ?"

அவர் தலையைச் சொறிந்தார். "மச்சானும் நானும் சேந்துதான் துவங்கினது. இப்ப ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை. அதோட கூட்டு முறிஞ்சிட்டுது."

"எழுதி முறிச்சனீங்களோ?"

"முகமே பாக்கிறேல்லை எண்டுறன், பிறகென்ன எழுத்து?"

கசெட்டுகளும் எடிட்டிங் மெஷினும் பிளேஸ்டோவில் மச்சான் வீட்டில் இருந்தன. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை வாற கிழமைகள்.

எங்கள் ஆட்களுக்குப் பேச்சு நின்றால் எல்லாம் முடிந்தது. இங்கிலாந்தின் கூட்டு வியாபாரச் சட்டம், யாருக்கு யாரோடு கோபம் என்று கேட்பதில்லை. நாங்கள் வேலையைக் கொடுத்தபோது இருவரும் பங்காளிகள். ஆகவே இருவரும் பொறுப்பு. இரண்டு முழுப் பெயர்களையும் விலாசங்களையும் எழுதி வாங்கி, இருவருக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்: கசெட்டுகள் வராவிட்டால் இருவரும் பிரதிவாதிகள்.

பிளேஸ்டோவிலிருந்து பதில் பார்சலாக வந்தது. எல்லாக் கசெட்டுகளும் இருந்தன. கொழும்புக்கு அனுப்ப ஒரு பிரதியும் எடுத்து வைத்திருந்தார். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "என்ர பேரை வழக்கில போட வேண்டாம். சாமான் அனுப்பியாச்சு எண்டு அவருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

மனைவி பொங்கல் பானையை என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு, முதல் கசெட்டைப் போட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அன்று 1989ஆம் ஆண்டு தைப்பொங்கல், சனிக்கிழமை.