கம்பியில் கட்டிய எலுமிச்சம்பழம்

“…நூலா இருந்திருந்தா அறுந்து விழுந்திருக்கும் லா. நான்தான கம்பியில கட்டினேன்” என்றார் பட்டறைக்கார அண்ணன்.

என் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பிரேக் தட்டுக்குப் பின்னால், சேற்றோடு சேறாக, மெல்லிய எவர்சில்வர் கம்பி நாலைந்து சுற்றுச் சுற்றி இறுகிக் கிடந்தது. அதன் நுனியில் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கிக் கறுத்துப்போன ஓர் எலுமிச்சம்பழம். ஆயுத பூசையன்று அவர் தன் கையால் கட்டியது. நான் ஏன் விழுந்தேன் என்று மூன்று வாரமாக ஊரே ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தது. காரணம் இதோ, அவர் மடியில்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மதியம் இரண்டே கால். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவர் மகள் “பா, வர்றேன்” என்று ஹாரன் அடித்துவிட்டு, மூன்று மணி ஷிப்டுக்குச் சுங்கை பட்டாணிப் பக்கம் மோட்டாரில் போயிருந்தாள். அவள் வண்டியின் முன்னாலும் அதே பழம், அதே கம்பி.

நான் விழுந்தது மெர்போக் போகிற சாலையில். காலை பத்து மணி. நான் வேலை செய்கிற ஹார்ட்வேர் கடையிலிருந்து ஒரு வீட்டுக்குத் தண்ணீர்க்குழாய்ச் சாமான் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். வேகம் முப்பதுகூட இருக்காது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஒரு சின்ன வளைவு. மழை இல்லை, மணல் இல்லை, குறுக்கே நாய்கூட ஓடவில்லை. முன்சக்கரம் ஒரு தடவை ‘கிர்ர்’ என்றது. அடுத்த நொடி யாரோ இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தின மாதிரி நின்றது. சக்கரம் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை.

புல்லில் போய் விழுந்ததால் பிழைத்தேன். வலது மணிக்கட்டு, இடது முட்டி, தாடையில் ஒரு கீறல். எழுந்து உட்கார்ந்தபோது ஒரு சத்தமும் இல்லை. குருவிகூடக் கத்தவில்லை. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு வந்த லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து முதலில் என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தார். நான் வண்டியிலிருந்து தெறித்த இடத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, “ஒன்னர நிமிஷம்ணே” என்றார். “நான் வெத்தல போட நிறுத்தாம வந்திருந்தா, இந்நேரம் உங்க மேலதான் நின்னிருப்பேன்.”

அந்த ஒன்றரை நிமிடம் இன்றுவரை எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் மோட்டாரைச் செம்பனைக் குலைகளின் மேலேயே தூக்கிப் போட்டு, சுங்கை லாலாங்கில் இருக்கும் பட்டறையில் அந்த லாரி டிரைவர்தான் இறக்கிவிட்டுப் போனார். முன்சக்கரம் உருளவே இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வளைந்து இடிக்கிறது, அதனால்தான் என்று எல்லாரும் நினைத்தோம். புது ஃபோர்க் குழாய் வரட்டும், வந்த பிறகு பிரிப்போம் என்று பட்டறைக்கார அண்ணன் வண்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அதுவரை அதை யாரும் தொடவில்லை.

கிளினிக்கில் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டு, கழுத்தில் துணி மாட்டி, மூன்று வாரம் லீவுக்கு எம்சி எழுதிக் கொடுத்தார்கள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆள் வந்தால் போதும், பேச்சுக் கொடுத்து அவர்கள் சொல்வதைப் பிடித்து வைத்துக்கொள்வேன். வந்தவர்களும் ஒரு பிஸ்கட் டின், ஒரு வாக்கு என்று கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, “வண்டி ஒரு தடவ ரத்தம் பாத்துடுச்சு தம்பி. இனிமே அது உன்னைத்தான் தேடும், வித்துத் தொலைச்சிரு” என்றார். என் மனைவி அவ்வளவு தூரம் போகவில்லை. அந்த வளைவில் என்னமோ உட்கார்ந்திருக்கிறது, இனி அந்த வழியே வேண்டாம் என்றாள். கடைமுனையில் ரொட்டி போடுகிற பாய் மட்டும்தான் சிரித்தார். “கையால ஓட்ட வேண்டிய வண்டிய நீ வாயால ஓட்டியிருப்ப. எதுத்தாப்ல ஆளே இல்லன்னாலும் உனக்குப் பேச்சு நிக்காதே!” அந்த வாரம் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஏனென்றால் எனக்கும் பயம் பிடித்துவிட்டது. கண்ணை மூடினால் அந்தக் ‘கிர்ர்’. நான் பிரேக்கைத் தொடவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தொடாத பிரேக் எப்படிப் பிடிக்கும்? அது தெரியாமல் இனி எப்படி வண்டியில் ஏறி உட்காருவது?

பத்து நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிற ஓர் அம்மா, விடிந்து வேலைக்குப் போகும்போது மண் சாலையில் மோட்டாரோடு விழுந்துவிட்டார். முன்பல் இரண்டு போய்விட்டது. என் மனைவியோடு போய்ப் பார்த்தேன். உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகத்தான் பேசினார். “நான் ஒண்ணுமே பண்ணல தம்பி. முன்சக்கரத்த யாரோ கையால புடிச்ச மாதிரி…”

என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதே வார்த்தை. நான் யாரிடமெல்லாம் சொன்னேனோ அதே வார்த்தை, அவர் வாயிலிருந்து. ஆனால் அவர் விழுந்தது மெர்போக் வளைவில் இல்லை, அங்கிருந்து ஏழெட்டு மைல் தள்ளி. வளைவில் உட்கார்ந்திருந்தது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது என்று அன்று சாயங்காலமே தோட்டத்து லயன் வீடுகளில் பேச்சு. இரண்டு மூன்று பேர் மோட்டாரை வீட்டிலேயே போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

அந்த அம்மாவும் பட்டறைக்கார அண்ணனின் வாடிக்கைதான். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் யார்தான் அவர் வாடிக்கை இல்லை?

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆயுத பூசை என்றால் அவர் பட்டறைதான். முதல் நாளே ஆளாளுக்கு வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். அவர் குளித்து வேட்டி கட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்கி, ஃபோர்க்கில் ஒரு பழம் கட்டிவிடுவார். பிறகு சுண்டல். நாற்பது வண்டிக்கு மேல் வரும். புது மோட்டார் வாங்கியவர்கள் கோயிலுக்குப் போகிறார்களோ இல்லையோ, அவரிடம் ஒரு பழம் கட்டாமல் பெரிய சாலையில் ஏற்ற மாட்டார்கள்.

போன வருடம் நான்தான் அவரை வம்புக்கு இழுத்தேன். அவர் கட்டிய நூல் மழையில் இற்று, பத்தே நாளில் பழம் எங்கேயோ விழுந்துவிட்டது. பட்டறையில் அத்தனை பேர் முன்னாலும், “என்னாண்ணே, உங்க பழம் தீபாவளி வரைக்கும்கூட தாங்க மாட்டேங்குது, எங்கள எப்படி வருசம் பூரா காப்பாத்தும்?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை. இந்த வருடம் பூசைக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் கடைக்கு வந்து, “துரு பிடிக்காத கம்பி இருக்கா, மெல்லிசா?” என்று கேட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். பூசையன்று என் வண்டிக்குக் கட்டும்போது இரண்டு முறுக்கு அதிகமாகவே முறுக்கி, “இப்ப விழச் சொல்லு பாப்போம்! அடுத்த பூச வரைக்கும் ஒருத்தனும் இதக் கழட்டக் கூடாது” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஒருத்தரும் கழட்டவில்லை.

அந்த அம்மாவும் விழுந்த பிறகு அவருக்கும் தூக்கம் இல்லை. ஃபோர்க் குழாய் வந்துவிட்டது என்று கூப்பிட்டபோதே சொன்னார்: “ஊர்ல காத்து சரியில்ல தம்பி. வர்ற வெள்ளிக்கிழம எல்லா வண்டிக்கும் மறுபடி ஒரு பூச போட்டு, இன்னொரு பழம் கட்டிடுறேன். வரும்போது உங்க கடையிலேருந்து அதே கம்பி ஒரு சுருள் வாங்கிட்டு வந்துரு.”

வாங்கிக்கொண்டுதான் போயிருந்தேன். அன்று அவர் மகள் கிளம்பிப் போன பிறகு அவர் சக்கரத்தின் அச்சை உருவியபோது, அந்தக் கம்பிச் சுருள் பையோடு மேசை மேல்தான் இருந்தது.

“பழம் காயக் காய கம்பி லூசாகும்” என்றார் இப்போது, தனக்குத்தானே சொல்கிற மாதிரி. “லூசானா ஃபோர்க்குல வழுக்கிக் கீழ எறங்கும். எறங்கினா சக்கரம் இழுக்கும்.” கம்பியை விரலால் சுண்டினார். அறுகிற கம்பியா அது? நான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த கம்பி.

“காயறதுக்கு எத்தன நாளுண்ணே?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். எல்லாம் ஒரே கூடைப் பழம், ஒரே நாள் கட்டியது.

அவர் போனை எடுத்து மகளுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சீட்டுக்கு அடியில் பையில் போட்டிருப்பாள். மறுபடி அடித்தார். நான் இடது கையால் என் போனை எடுத்து, “அண்ணே, வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடுறேன். எல்லாரும் வண்டிய அங்கங்க நிறுத்திட்டுப் பழத்தக் கழட்டுங்கன்னு” என்றேன்.

“இரு” என்றார்.

அந்த ‘இரு’ எனக்குப் பிடிக்கவில்லை. அவர் முகத்தில் வேறு ஒரு கணக்கு ஓடியது. “அந்தம்மா பல்லு போனதுக்கு நான்தான் காரணம்னு ஆயிரும்ல. இந்தப் பட்டறையில கட்டின பழந்தான் ஆள விழ வெச்சதுன்னு சொன்னா, எவன் தம்பி இங்க வண்டிய விடுவான்? சர்வீஸுக்கு வர வர ஒவ்வொண்ணா நானே வெட்டிப் போட்டுடுறேனே. யாருக்கும் தெரிய வேணாமே.”

போன வருடம் அந்தக் கிண்டலை அடித்தவன் நான். கம்பியை எடுத்துக் கொடுத்தவன் நான். அவர் ஒளித்தால் எனக்கும் சேர்த்துத்தான் ஒளிகிறார்.

“ஒன்னர நிமிஷம்ணே” என்றேன் கடைசியில். “எனக்குப் பின்னாடி லாரி வந்தது ஒன்னர நிமிஷம் கழிச்சு. உங்க பாப்பா போற ரோட்டுல லாரி அவ்வளவு தள்ளியா வரும்?”

கடிகாரம் இரண்டு இருபதைத் தாண்டியிருந்தது. வழியில் ஒரு தோழியை ஏற்றிக்கொண்டுதான் மகள் பெரிய சாலையில் ஏறுவாள். தோட்டத்துக்குள்ளே குறுக்கே போனால் தோழி வீட்டு வாசலில் பிடித்துவிடலாம். இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்தால் முடியாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் சக்கரத்தைத் தரையில் வைத்தார். “நான்தான் கட்டினேன்னே போடு” என்றார். “என் பேரச் சொல்லியே போடு.”

சுவரில் தொங்கிய கம்பி வெட்டும் கட்டரை எடுத்துக்கொண்டு தன் மோட்டாரிடம் போனார். ஸ்டார்ட் பண்ணியவர் சட்டென்று நிறுத்தி, இறங்கிக் குனிந்து, முதலில் தன் வண்டியில் இருந்ததை வெட்டினார். கால் படக் கூடாதே என்று பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கழுத்தில் தொங்கிய கையோடு நான் வாசலில் நின்று, இடது கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சாலை முனையில் எதிரே ஒரு மோட்டார் வந்தது. முன்னால் ஒரு பெண், பின்னால் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பிள்ளை, ஹெட்லைட்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு பழம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் தோட்டத்துக் குறுக்குப் பாதையின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு தன் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கி அந்தப் பெண்ணை நிறுத்தினார். கட்டரோடு ஓடிப்போய், அந்த வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் தாரில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.