பதினேழாம் பக்கத்து வழக்கு

நாணயச் சந்தை ஒப்பந்தங்களை எழுதும் வக்கீல்கள் நீதிமன்றப் படியேறுவது அபூர்வம். கண்ணாடி அறையில் உட்கார்ந்து எண்பது பக்கம் எழுதுவார்கள், எதிர்த்தரப்பு அதில் பாதியை அடிக்கும், காபி ஆறிப்போகும். கமா மேடமும் ஒரு சட்ட நிறுவனத்தில் பதினாறு வருஷம் அப்படித்தான் இருந்தார். ஒரு கமாவுக்காக மூன்று மணி நேரம் சண்டை பிடித்ததிலிருந்து எல்லோருக்கும் அவர் 'கமா மேடம்'.

ஒருநாள் கையுறை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்காரர் ஒருவர், பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களோடு வந்தார். டாலர் விலை இறங்கினால் கையைக் கடிக்காமலிருக்க ஒரு வங்கியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். டாலரோ ஏறிவிட்டது. இப்போது தொழிற்சாலையே கைவிட்டுப் போகும் நிலை.

"இன்சூரன்ஸ் மாதிரின்னுதான் மேடம் சொன்னாங்க."

கமா மேடம் நின்றபடியே புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டாலர் இறங்கினால் வங்கி கொடுப்பதற்கு உச்சவரம்பு உண்டு. ஏறினால் தொழிற்சாலைக்காரர் கொடுப்பதற்கு வரம்பே இல்லை, அதுவும் இரட்டிப்பாக.

"இது இன்சூரன்ஸ் இல்லங்க, சூதாட்டம். சீட்டையும் அவங்களே குலுக்கியிருக்காங்க."

நிறுவனத்தின் மூத்த பங்குதாரர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"வங்கிங்கதான் நமக்குச் சோறு போடுது. இந்தக் கேஸை எடுத்தா இனிமே ஒருத்தனும் உங்களைக் கூப்பிடமாட்டான்."

"கூப்பிட வேண்டாம் சார். நான் என்ன கல்யாணப் பத்திரிகையா கேட்டேன்?"

அன்று மாலையே ராஜினாமா. விஷயம் தெரிந்ததும் அக்கா கொதித்துப்போனார்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? பிள்ளைங்க ஃபீஸை யாரு கட்டுவா?"

"இந்த மாதிரி பக்கங்களை இத்தனை நாளா நான்தான்க்கா எழுதிக் கொடுத்தேன். இப்பவும் வாயை மூடிட்டு இருக்கச் சொல்றியா?"

அக்கா திட்டிக்கொண்டே தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியறைச் சாவியை எடுத்து நீட்டினார். அங்கேதான் அலுவலகம் தொடங்கியது.

நீதிமன்றத்தில் வங்கியின் வக்கீல் சிரித்தார். "படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டார்? பச்சைக் குழந்தையா அவர்?"

ஒப்பந்தத்தை விற்ற வங்கி அதிகாரி கூண்டில் ஏறினார். கமா மேடம் பதினேழாம் பக்கத்தை அவர் கையில் கொடுத்தார்.

"மூணாவது பத்தியை உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க."

அவர் வாசிக்க ஆரம்பித்தார்.

"வாசிக்கச் சொல்லல. விளக்கச் சொன்னேன்."

"அது... வேற டீம்தான் பார்க்கும்."

"வித்த உங்களுக்கே புரியல. வாங்கினவருக்கு மட்டும் எப்படிப் புரியும்?"

வங்கியின் வக்கீல் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி கையமர்த்தினார். "கேள்வி சரியாத்தான் இருக்கு. பதில் சொல்லுங்க."

அதிகாரி அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு வங்கியின் வக்கீலைப் பார்த்தார்.

ஒப்பந்தம் முழுதாக ரத்தாகவில்லை. வரம்பில்லாத அந்தப் பத்தி மட்டும் செல்லாதென்று தீர்ப்பு. வங்கி மேல்முறையீடு செய்து இரண்டு வருஷம் இழுத்தடித்தும் தீர்ப்பு நின்றது. தொழிற்சாலையில் பாதி இயந்திரங்கள் கடனுக்குப் போய்விட்டன, மீதி ஓடுகின்றன.

பங்குதாரர் சொன்னது பலித்தது. எந்த வங்கியும் கூப்பிடவில்லை. ஒரு கருத்தரங்கில் பங்குதாரரே எதிரே வந்து, "திரும்பி வந்துடுங்க, நடந்ததை மறந்துடலாம்" என்றார்.

"நான் மறக்கிறதா இல்ல சார்."

இன்னொரு வங்கியை எதிர்த்து நடத்திய அடுத்த வழக்கில் கமா மேடம் தோற்றார். மறுநாளே மேல்முறையீடு போட்டார்.