கராமா அறையின் லண்டன் மணிக்கூடு

நேற்று கைப்பேசி தானாகவே சொன்னது: கோடைக்காக லண்டனில் மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்களாம். படித்ததும் எனக்குச் சோற்றுக் குக்கரின் ஆவி மணத்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

துபாய் கராமாவில் நாங்கள் ஆறு பேர் இருந்த அறையில் ஒரே கணினி; குக்கருக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். என் மேதாவித்தனத்தால் அதில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டுவைத்தேன். லினக்ஸ் உள்ளிருக்கும் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிவிடும். விண்டோஸ் அதையே துபாய் நேரம் என்று நம்பும். ஆக, நான் லினக்ஸில் வேலை பார்த்து அணைத்தால், அடுத்து விண்டோஸைத் திறப்பவருக்கு கணினி நான்கு மணி நேரம் பின்னால் காட்டும். எல்லோரும் என்னைத் திட்டினார்கள், யாழ்ப்பாணத்து ரவீந்திரனைத் தவிர. அவனுக்குப் பேசியிருந்த பெண் லண்டனில். குளிர்காலத்தில் அங்கே நேரம் நமக்கு நான்கு மணி பின்னால்தானே!

"அண்ணை, அதில கை வைக்காதேங்கோ. அது என்ர லண்டன் மணிக்கூடு."

சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்? விட்டுவிட்டேன்.

ஞாயிறுதோறும் லண்டன் இரண்டு மணிக்கு வீடியோவில் பெண்ணின் அப்பா வருவார். சம்பளம், சாதகம், விசா என்று குடைவார். பெண் சாந்தி பின்னால் ஒரு தோளாக மட்டும் தெரிவாள். மார்ச் கடைசி ஞாயிறு முடிவு சொல்லும் நாள். ரவி மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி என்று குக்கரை மறைத்து உட்கார்ந்தான். அன்று விடியற்காலையே லண்டன் கோடை நேரத்துக்கு மாறியது எங்கள் கணினிக்குத் தெரியாது. திரை மூலையில் சரியாக இரண்டு. அழைத்தான்.

அந்தப் பக்கம் காலி நாற்காலிகள், வடை தின்று முடித்த தட்டுகள், சாந்தி மட்டும்.

"மூண்டு மணியாச்சு. சித்தப்பா, மாமா எல்லாரும் பாத்திருந்திட்டுப் போயிட்டினம். அப்பா கோவத்தில போய்ப் படுத்திட்டார்."

"இஞ்ச ரெண்டுதானே!" என்றான் ரவி. துபாயில் மணி ஆறு. உலகத்திலேயே எங்கள் கணினியில் மட்டும்தான் லண்டனுக்கு இரண்டு.

ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே! ரவியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, லினக்ஸ், விண்டோஸ், கிரீன்விச் என்று அந்தப் பெண்ணுக்குப் பாடமே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி அண்ணை, கொஞ்சம் எழும்புங்கோ. இவரோட நான் இன்னும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை."

எழுந்தேன். அப்பா தூங்கி எழும்வரை பேசினார்கள். அவர் வந்தபோது சம்மதம் என்று முடிவைச் சொன்னது அவள்தான்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை, கணினியும் எந்தக் குப்பையில் போனதோ. இன்று எல்லாக் கருவியும் நேரத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. ஒரு மணி நேரம் பிந்த யாருக்கும் வழியில்லை. பாவம் இந்தக் காலத்துப் பெண்கள், எந்த அப்பாவும் நாற்காலியை விட்டு எழுந்து போகமாட்டார்.