சித்தப்பா வண்டியின் சிவப்பு மட்கார்டு

எங்கள் சித்தப்பாவுக்குச் சும்மா இருந்தால் கை அரிக்கும். துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்தும், வீட்டில் எதையாவது கழற்றிப் பார்த்தால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும். உலக யுத்தம் முடிந்து மிலிட்டரி சாமான்களை ஏலம் விட்டபோது, வண்ணாரப்பேட்டையில் இருந்த அவருடைய தோஸ்து ஒரு ஜீப்பை எடுத்தார். ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர வண்டி ஒன்றும் கூடவே வந்தது. அதைச் சித்தப்பா தன் பங்குக்கு வாங்கி, ராயபுரத்தில் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மூன்றே மாதத்தில் அதை வீடாக்கிவிட்டார். பலகை அடித்து, தகரக் கூரை போட்டு, எதிரும் புதிருமாக பெஞ்சு வைத்து, சன்னலுக்குச் சித்தியின் பழைய சேலையில் திரையும் கட்டியாயிற்று. பின்பக்கத்தை மட்டும் காற்றுக்காகத் திறந்தபடி விட்டிருந்தார். ஆடி மாதம் குடும்பத்தோடு பெரியபாளையம் போய், இரண்டு நாள் அந்த வண்டியிலேயே தங்கி, அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாகத் திட்டம். சித்திக்காக வேண்டிக்கொண்டது அத்தை. அத்தை என் நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். அவள் எதிரில் நைனா பீடியைக்கூட மறைத்துக்கொள்வார்.

வெள்ளோட்டமாக, தோஸ்தின் ஜீப்பில் மாட்டித் திருவொற்றியூர் கோயிலுக்குப் போனோம். முந்தின நாள்தான் நல்ல மழை. அத்தை காற்று வேண்டுமென்று திறந்த பக்கத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். பலகை இடிக்கிறதென்று சக்கரத்தின் மேலிருந்த தகரத்தைச் சித்தப்பா அறுத்துப் போட்டிருந்தார். அதன் பலன் தண்டையார்பேட்டை தாண்டியதும் தெரிந்தது. யாரையோ திட்டுவதற்காக அத்தை வாயைத் திறந்த நேரம் பார்த்து, ஒரு வாய்ச் சேறு உள்ளே போயிற்று. கோயில் வாசலில் எங்கள் வழக்கமான பூக்காரி அவளை அடையாளம் தெரியாமல் ஒதுங்கி நின்றாள்.

"தூ, கலீஜ் வண்டி! இனிமே இதுல நான் குந்துனா என்னை இன்னான்னு கேளு. பெரியபாளையமும் வாணாம், ஒண்ணும் வாணாம்!"

அத்தை வராவிட்டால் வேண்டுதல் நிறைவேறாது. வேண்டுதல் நிறைவேறாவிட்டால் சித்தி மறுபடியும் அழுவாள். அவள் இரண்டு தடவை பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். பிள்ளைகளான எங்களிடம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தப் பெட்டியில் உள்ளதைப் பிள்ளை பெற்றவள் தன் கையால் தூக்கிப் போடக் கூடாது, தெரிந்து வேறு யாரும் தொடவும் கூடாது என்பது அத்தையின் சட்டம். ஆகவே அது அங்கேயே கிடந்தது. சித்தி பெருக்கும்போது துடைப்பம் கட்டிலுக்கு அடியில் மட்டும் போகாது.

சித்தப்பா சேற்றைத் தடுக்கச் சக்கரத்துக்குப் பின்னால் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அது சேற்றைக் குடித்துக் கனத்து, சக்கரத்திலேயே மாட்டிக் கிழிந்தது. பழைய டயருக்கு அலைந்தார். செருப்புத் தைக்கிறவர்கள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டிருந்தார்கள்.

"ரப்பர் மட்டும் கெட்ச்சா போதும் கண்ணு, சோக்கா மட்கார்டு போட்டுருவேன்" என்று என்னிடம் புலம்பினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ரப்பர் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தொடாதே என்றால் திறந்து பார்க்காமல் இருக்கிற ஜன்மமா நான்?

சித்தி அந்த வாரம் கொருக்குப்பேட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெட்டியைத் திறந்தேன். கிழித்து மடித்த பழைய வேட்டித் துணிகளுக்குக் கீழே ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிக்கிற சிவப்பு ரப்பர் ஷீட்டு ஒன்று இருந்தது. மூலையில் நீல மையில் சித்தி பேரின் முதல் எழுத்து. இவ்வளவு நல்ல ரப்பரை இப்படி மூடி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சித்தப்பா அதை வாங்கி, ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பரின் தரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"யாராச்சும் எடுத்தாரச் சொன்னாங்களா?"

"இல்ல சித்தப்பா. நானாத்தான் எடுத்தேன்."

"மெய்யாலுமா?"

"சாமி சத்தியமா."

அவர் உள்ளே போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார்.

இரண்டாக வெட்டி, மடித்து இரட்டையாக்கி, மேலே இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார். காற்றில் பறக்காமல் இருக்க, காசிமேட்டு மீன்காரர் ஒருவர் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளைக் கீழ் ஓரத்தில் வைத்து வலை ஊசியால் தைத்துக் கொடுத்தார். பிறகு அத்தையின் முன்னால் பரீட்சை. நைனாவை வெள்ளை வேட்டியோடு பின்பக்கம் உட்காரவைத்து, தெருவில் இருந்த குட்டையெல்லாம் ஓட்டினார்கள். நைனா வெள்ளையாகவே இறங்கினார். அத்தை வேட்டியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, பொங்கப் பானையை எடுத்து வை" என்றாள்.

புறப்படுகிற அன்று காலையில்தான் சித்தி வந்தாள். மட்கார்டு முழுக்கச் சேறு அப்பியிருந்ததால் அவள் கண்ணில் படவில்லை. பெட்டியைத் திறந்தவள் நான் என்று தெரிந்தால் அத்தை தோலை உரித்துவிடுவாள். அதைவிட, சித்தி என்னோடு பேசாமல் போய்விட்டால்?

செங்குன்றம் தாண்டி, ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். சித்தி சொம்போடு இறங்கி, சக்கரத்து ஓரமாக நின்று கால் கழுவினாள். தண்ணீர் மட்கார்டிலும் பட்டது. சேறு வழிந்து சிவப்பு தெரிந்தது. அப்புறம் அந்த நீல எழுத்து.

சித்தி அப்படியே குந்திவிட்டாள். விரலால் அந்த எழுத்தைத் துடைத்தாள். சித்தப்பா பக்கெட்டும் கையுமாக மரம் போல நின்றார். என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சித்தி எடுத்தேன். சித்தப்பாவைத் திட்டாத. தெரியாம எடுத்துட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதோடு சிரிக்கவும் சிரித்தாள். இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"சேறு அடிக்காம இருக்குதா?"

"துளிகூட இல்ல சித்தி."

"அப்ப இருக்கட்டும்."

"இன்னாடி அங்க இவ்ளோ நேரம்?" என்று அத்தை வண்டிக்குள்ளிருந்து கத்தினாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி, சேறு!" என்றாள் சித்தி.

அப்பாடா! எனக்கு உயிர் வந்தது. பெரியபாளையம் வரைக்கும் சித்தி என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது ஒரு மட்கார்டு அறுந்து விழுந்தது. நான் பலகையைத் தட்டிக் கத்தினேன். முன்னால் ஜீப்பில் தோஸ்தோடு இருந்த சித்தப்பா திரும்பிப் பார்த்தார், ஆனால் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. "வுடு, போவட்டும்" என்று சித்தி என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அத்தைக்கும் விஷயம் தெரிந்துதான் போயிற்று. "தெரியாத புள்ள செஞ்சதுக்குத் தோசமில்ல" என்று ஒரே பேச்சில் முடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் சித்தி அந்தப் பெட்டியை வெளியே இழுத்து, கட்டிலுக்கு அடியில் நன்றாகப் பெருக்கினாள். வேட்டித் துணிகளால் வண்டியைத் துடைத்தாள். பெட்டி எனக்கு வந்தது, பள்ளிக்கூடப் புத்தகம் வைத்துக்கொள்ள.

தொடாதே என்றதைத் தொட்டவளுக்கு அடி விழவில்லை, பரிசு கிடைத்தது! இந்த வீட்டில் யாருக்கும் திட்டத் தெரியவில்லை என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். அன்றைக்குத் தப்பித்தவள் நான் என்றே ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.