பச்சை ப்ளாஸ்க்கை நம்பிய இயந்திரம்

எங்கள் பரானா ஊர்க் குப்பைக் கூட்டுறவில் கிரிசெல்டா புஸ்டோஸைக் கண்டுபிடிக்க ஆளைத் தேட வேண்டாம், பச்சை ப்ளாஸ்க்கைத் தேடினால் போதும். அக்குளில் ப்ளாஸ்க், கையில் மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவை. இலைமேல் வெந்நீர் ஊற்றி வரிசையாக எல்லோருக்கும் நீட்டுவாள். குடித்துவிட்டுக் குடுவையைப் பேசாமல் திருப்பித் தந்தால் அடுத்த சுற்றிலும் உண்டு. "நன்றி" என்று சொல்லிவிட்டால், போதும், கிளம்புகிறேன் என்று பொருள். ஒருநாள் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "என்னடா, அதுக்குள்ள பொண்டாட்டி தேடுறாளா?" என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கினாள்.

இருபது வருஷமாகக் குப்பையைக் கையால் பிரித்தவள். விரலெல்லாம் கண்ணாடி கீறிய தழும்பு. அதனால்தான் கேமரா வைத்த இயந்திரம் சோதனைக்கு வந்தபோது துள்ளிக் குதித்தாள். பெல்ட்டில் ஓடுவதை அது பார்க்கும்; நல்ல பாட்டில் மூடியை விட்டுவிடும், மற்றதைக் காற்றால் ஊதித் தள்ளும். அந்த மூடிகளை உருக்கிப் பள்ளி நாற்காலி செய்கிறவர் எவரிஸ்தோ லுசெரோ. அவர் வாங்கச் சம்மதித்தால் இயந்திரம் எங்களுக்கு. இல்லையென்றால் அது திரும்பிப் போகும், கிரிசெல்டாவின் கை மறுபடி குப்பைக்குள் போகும்.

இயந்திரத்துக்குப் பாடம் சொல்லும் வேலை அவளுக்கு. காலையில் ப்ளாஸ்க்கைப் பெல்ட் ஓரத்தில் வைத்துவிட்டு, நல்ல மூடிகளை ஓடவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்குவாள். மதியம் மாத்தே தீர்ந்து ப்ளாஸ்க் கழுவப் போன பிறகு, ஆகாத சாமான்களை ஓடவிட்டுச் சிவப்புப் பொத்தான். "எம் பிள்ளைங்களவிட இது சீக்கிரம் கத்துக்குது!" என்று பெருமை வேறு.

லுசெரோ வந்த நாளில் இடம் பளிச்சென்று இருந்தது. கிரிசெல்டா உதட்டுச் சாயம் பூசி, ப்ளாஸ்க்கை அலமாரியில் ஒளித்து வைத்திருந்தாள். பெல்ட் ஓடியது. இயந்திரம் முதல் மூடியை ஊதித் தள்ளியது. அடுத்ததையும். ஒன்று விடாமல் எல்லாவற்றையும். லுசெரோவின் சட்டைமேல்கூட இரண்டு வந்து விழுந்தன.

"இதுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார் அவர்.

கிரிசெல்டா பெல்ட் ஓரத்தையே வெறித்துப் பார்த்தாள். திடீரென்று ஓடிப்போய் ப்ளாஸ்க்கை எடுத்து வந்து வழக்கமான இடத்தில் வைத்தாள். மூடிகளெல்லாம் ராஜநடை போட்டுப் போயின. பின்னாலேயே ஒரு ஸ்பூன், ஒரு பொம்மைக் கால், அறுந்த செருப்பு. எதையும் இயந்திரம் தடுக்கவில்லை.

"ஐயா, இது மூடியப் படிக்கல, என் ப்ளாஸ்க்கப் படிச்சிருக்கு. நல்லதக் காட்டுறப்பல்லாம் இதுதான் பக்கத்துல நின்னுச்சு. தப்பு என்னோடது. ஒரு வாரம் குடுங்க, ஒழுங்காச் சொல்லிக் குடுக்கிறேன்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். லுசெரோ சிரிக்கவில்லை, கிளம்புகிறவர்போலத் தொப்பியைக் கையில் எடுத்தார். எங்கள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. என்ன செய்வதென்று தெரியாமல் கிரிசெல்டா ஒரு மாத்தே ஊற்றி நீட்டினாள். நின்றபடியே கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பித் தந்தார். அந்த ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

வரவில்லை. தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி ஆறிப்போச்சும்மா. அடுத்த சுத்துக்குச் சூடா வச்சுக் கொண்டா."